ஆறு மூட்டை அரிசி

தங்கச்சி, வன்னியில் விசுவமடுவிலிருந்து கனடாவுக்கு வந்து நாலு மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மெண்ட் வீடு, இரண்டு பிள்ளைகள், சம்பளத்தில் பாதி சாப்பாட்டுச் சாமானுக்கும் சவர்க்காரம், ரிசு (துடைக்கும் காகிதம்) போன்றவற்றுக்குமே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கடை மலிவு, கொஸ்கோ மொத்தக் கடையின் உறுப்பினர் அட்டை எடுக்கலாமா, ஊரிலிருந்து கறித்தூள் இடித்து அனுப்பச் சொல்லலாமா, தேங்காய்க்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி: "மலிவு போட்டால் விட மனம் வராது, அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன், இப்போது கட்டிலுக்குக் கீழேயும் இடமில்லை." அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் வன்னிதான், முள்ளியவளை. 2000ஆம் ஆண்டு தை மாதம் வந்தேன். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு கடையில் அரிசி மூட்டை நல்ல கழிவு விலைக்குப் போட்டிருந்தார்கள். நானும் அவரும் பனிக்குள்ளே மூன்று தரம் பஸ் ஏறி ஆறு மூட்டை கொண்டுவந்தோம். கையில் காசு இல்லை, எல்லாம் கிரெடிட் கார்டில். கோடை வந்ததும் அறை முழுக்க வண்டு. பிள்ளையின் தொட்டிலுக்குள்ளும் ஊர்ந்தது. மூன்று மூட்டையைக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். நெல் விதைத்த குடும்பத்துப் பிள்ளை நான், அரிசியைக் கொட்டிவிட்டு வந்து அன்று இரவு சாப்பிடவில்லை. கார்டுக்கு மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். இருபது வீதத்துக்குக் கிட்ட வட்டி. கொட்டிய அரிசிக்கு அடுத்த வருடமும் காசு கட்டினேன்.

ஏன் அப்படி வாங்கினேன் என்று எனக்கு விளங்கவே பல வருடம் எடுத்தது. 1990இலிருந்து எங்கள் பக்கத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. பற்றரி வராது, உரம் வராது, சீமெந்து வராது. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் சொட்டு எண்ணெய், சின்னத் திரி, அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். சவர்க்காரம் கிடைக்காத நேரம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கூட்டுறவுச் சங்கக் கடைக்குச் சாமான் வந்தது என்று யாராவது சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனால் அம்மா அடுப்பில் உலையை விட்டுவிட்டு ஓடுவா. அன்று வாங்கினால்தான் உண்டு. அது பேராசை இல்லை, அங்கே அதுதான் புத்தி. 2009இல் நீங்கள் பட்டது நாங்கள் பட்டதைவிடப் பெரிது, ஆகவே உங்களுக்கு அந்தப் பயம் இன்னும் ஆழமாக இருக்கும். ஆனால் இங்கே அடுத்த கிழமையும் அந்தக் கடை திறந்திருக்கும், அதே அரிசி இருக்கும். அதை நான் புத்தியால் நம்ப ஒரு வருடம், கை நம்ப அஞ்சு வருடம் எடுத்தது.

கை பழகியது ஒரு கொப்பியால்தான். நாங்கள் எப்போதும் வாங்கும் இருபது சாமானை எழுதி, போகும் நேரமெல்லாம் விலையைக் குறித்தேன். நாலைந்து மாதத்தில் தெரிந்துவிட்டது, எண்ணெய், கோழி, சலவைத்தூள் எல்லாம் சில கிழமைக்கு ஒருமுறை மலிவு விலைக்குத் திரும்பி வருகின்றன. இனி வரவே வராத மலிவு என்று ஒன்றுமில்லை. அடுத்த தரம் விலை விழும்வரை காணுகிற அளவுக்கு வாங்குங்கள். வாரத் துண்டுப்பிரசுரம் பெரும்பாலான கடைகளில் வியாழனுக்கு மாறும், போனில் பிளிப் செயலியில் எல்லாக் கடையினதும் வரும். நோ பிரில்ஸ் என்ற மலிவுக் கடையில் வேறு சில கடைகளின் மலிவு விலையைக் காட்டினால் அந்த விலைக்கே தருவார்கள். நாலு கடைக்கு அலையாதீர்கள். காசாளரிடம் போனைக் காட்ட வெட்கம் என்று 80களில் வந்த சொந்தக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்கு மூன்று கார்டில் கடன் இருந்தது. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இறைச்சியில் கவனம். பெரிய எழுத்தில் போட்டிருப்பது இறாத்தல் (பவுண்ட்) விலை, கிலோ விலை சின்னதாகக் கீழே இருக்கும். கிலோ 2.99 டொலர் என்று நினைத்து எடுத்தால், உண்மையில் கிலோ 6.59. பெரிய பொதி எப்போதும் மலிவு என்றும் நம்ப வேண்டாம், விலைச் சீட்டின் மூலையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும், அதைத்தான் பாருங்கள். பற்றுச்சீட்டைக் கடை வாசலிலேயே வாசியுங்கள். தட்டில் போட்ட விலையைவிடக் கூடுதலாக அடித்திருந்தால், விலைத் துல்லிய விதியில் (Scanner Price Accuracy Code) சேர்ந்த கடைகளில் 10 டொலருக்கு உட்பட்ட சாமான் இலவசம், அதற்கு மேற்பட்டதற்கு 10 டொலர் கழிவு. நீங்கள் கேட்டால்தான் தருவார்கள். முதல் தடவை என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டு ஒரு பெட்டி தேயிலையைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்தேன், அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அரிசி, பருப்பு, மரக்கறி, பால், முட்டைக்கு வரி இல்லை. சிப்ஸ், சோடா, சவர்க்காரம், ரிசுவுக்கு ஒன்ராறியோவில் 13 வீதம் ஏறும், கணக்குப் பார்க்கும்போது அதையும் சேருங்கள். துப்புரவுக்கு இடத்துக்கொரு போத்தல் வேண்டாம், நாலு லீற்றர் வெள்ளை வினாகிரி ஒன்று போதும். ஆனால் அதைப் பிளீச்சோடு ஒருநாளும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும், ஜன்னல் சின்ன பேஸ்மெண்டில் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். "பெஸ்ற் பிஃபோர்" திகதி போனதும் கொட்டுகிறவர்கள் நம்மவரில் நிறைய. அது ருசிக்கும் புதுமைக்குமான திகதி, தாண்டினால் நஞ்சு என்று பொருள் இல்லை. குழந்தைப் பால்மாவில் இருக்கும் காலாவதித் திகதி வேறு, அதைத் தாண்ட விடக்கூடாது.

கொஸ்கோ அட்டை இப்போது வேண்டாம். அங்கே எல்லாம் பெரிய பொதி, உங்களுடைய கைக்கும் என்னுடைய கைக்கும் அது ஆபத்தான இடம். தூள் விஷயம் மற்றவர்கள் சொல்வார்கள்.

தேங்காய் மட்டும் சொல்கிறேன். முழுத் தேங்காய் வாங்காதீர்கள், மூன்று உடைத்தால் ஒன்று அழுகியிருக்கும். எங்கள் வளவில் பதினெட்டுத் தென்னை நின்றது, காசு கொடுத்துத் தேங்காய் வாங்குவது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. 2012இல் போய்ப் பார்த்தபோது நாலுதான் நின்றன, அதிலும் இரண்டுக்குத் தலை இல்லை. திரும்பி வந்துதான் முதல் தடவையாக உறைந்த தேங்காய்ப்பூ வாங்கினேன், அதுவரை மனம் ஒப்பவில்லை. தமிழ்க் கடையில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, கரைந்தபின் பிழிந்தால் பால் நன்றாக வரும். சம்பலுக்கு வெறும் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி, ஈரம் போனபிறகு இடியுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பொதிக்கு மேல் வாங்காதீர்கள்.