சிலையாக நின்ற ஒற்றர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹீத் ராபின்சன் வரைந்த பழைய கேலிச்சித்திரம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கிரேக்க, ரோமானியச் சிலைகளோடு சிலைகளாக ஜெர்மானிய ஒற்றர்கள் நிற்கிறார்கள். 1910இல் வந்த படமாம். வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த ஐந்தே வருஷத்தில் அதே லண்டனில், ஜெர்மன் பெயர்ப்பலகை மாட்டிய பேக்கரிகளை மக்கள் அடித்து நொறுக்கினார்கள் என்று பிறகு படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த மாதிரிப் படங்கள்தானே அந்த வெறுப்புக்கு விதை போட்டிருக்கும்?

கா., திருச்சி

அன்புள்ள கா,

விதை போட்டவர்கள் வேறு ஆட்கள். ஹீத் ராபின்சன் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்.

1906இல் ‘டெய்லி மெயில்’ பத்திரிகையில் வில்லியம் லெ க்யூ ஒரு தொடர்கதை எழுதினார். 1910இல் ஜெர்மன் படை இங்கிலாந்துக்குள் நுழைகிறது என்பது கதை. எந்தெந்த ஊர் வழியாகப் படை வரவேண்டும் என்பதைப் பத்திரிகை முதலாளியே திருத்தினார். அவருக்கு விற்பனை கூடவேண்டிய ஊர்கள் வழியாக வரவேண்டும். முன்னும் பின்னும் விளம்பரப் பலகை மாட்டிய ஆட்களுக்குப் பிரஷ்யச் சிப்பாய் உடுப்புப் போட்டு லண்டன் தெருக்களில் நடக்கவிட்டார்கள். 1909இல் லெ க்யூ அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஜெர்மன் பேரரசர் கெய்சரின் ஒற்றர்கள் இங்கிலாந்து முழுக்கப் பரவியிருக்கிறார்கள் என்றது அது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. ‘எங்கள் ஊரிலும் ஒருவன் இருக்கிறான்’ என்று வாசகர்கள் லெ க்யூவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் முடிதிருத்துபவரைச் சந்தேகப்பட்டார், இன்னொருவர் ஓட்டல் சர்வரை. அந்தக் கடிதங்கள் ராணுவ உளவுப் பிரிவில் இருந்த ஜேம்ஸ் எட்மண்ட்ஸின் மேசைக்குப் போயின. அங்கிருந்து, போர் அமைச்சர் ஹால்டேன் தலைமையிலான குழுவின் முன் சாட்சியமாக வைக்கப்பட்டன. அதே வருஷம் அக்டோபரில் பிரிட்டனின் ரகசியப் புலனாய்வு அலுவலகம் பிறந்தது. பின்னாளில் எம்ஐ5, எம்ஐ6 என்று இரண்டாகக் கிளைத்தது இதுதான். நாவல் படித்தவர்களின் பயத்துக்கு அரசாங்கக் கோப்பில் இடம் கிடைத்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சித்திரத்தைத் திரும்பப் பாருங்கள். அது எந்த ஜெர்மானியரையும் உளவு பார்த்து வரைந்ததல்ல. லெ க்யூவைப் படித்துவிட்டு மியூசியத்துக்குப் போகிற ஒரு லண்டன்வாசியின் தலைக்குள் என்ன ஓடுமோ, அதைத்தான் ராபின்சன் வரைந்திருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அந்தக் கண்ணைத்தான் அவர் கடன் வாங்கினார். ‘தி ஸ்கெட்ச்’ பத்திரிகையில் அந்த வரிசையில் வந்த இன்னொரு படத்தில் ஒற்றர்கள் எப்பிங் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருவது ஒற்றனைப் பார்த்தல்ல, அவனை எங்கும் காண்கிறவனை நினைத்து.

ராபின்சன் தனி ஆளும் இல்லை. 1909இல் ‘பஞ்ச்’ பத்திரிகையில் ஏ.ஏ. மில்ன் லெ க்யூவின் நடையை அப்படியே கிண்டல் செய்தார். பின்னாளில் வின்னி த பூ கரடியைப் படைத்த அதே மில்ன்தான். அதே வருஷம் நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் எழுதிய குறுநாவலில் இங்கிலாந்துமேல் ஒரே நேரத்தில் ஒன்பது படைகள் இறங்குகின்றன. நாட்டைக் காப்பாற்றுவது கிளாரன்ஸ் என்ற சாரணச் சிறுவன். ஜெர்மன் படை எசெக்ஸில் இறங்கிய செய்தி, கிரிக்கெட் ஸ்கோருக்கும் குதிரைப் பந்தய முடிவுக்கும் நடுவில் ஒரு வரியாக வருகிறது. அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். லெ க்யூ லட்சக்கணக்கில் விற்றார். அவரைக் கேலி செய்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்ததும் கேலிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ராபின்சன் மிகைப்படுத்தி வரைந்ததையெல்லாம் ஜனங்கள் நிஜமென்று பேச ஆரம்பித்தார்கள். ஜெர்மன் ஆயாவின் டிரங்குப் பெட்டிக்குள் வெடிகுண்டாம். டென்னிஸ் ஆடச் சிமெண்டுத் தளம் போட்டவர் அதில் பீரங்கி நிறுத்தப்போகிறாராம். செப்டம்பர் தொடக்கத்துக்குள் லண்டன் போலீசுக்கு வந்த புகார்கள் 8,000க்கு மேல். ஏறத்தாழ எல்லாமே வெறும் பயம்.

பிரான்ஸும் இதற்குக் குறைந்ததில்லை. மேகி என்றால் நமக்கு நூடுல்ஸ். அன்றைக்குப் பாரிஸில் அது பால் கடை, சூப்புக் கட்டி. கம்பெனி ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்தது. ஆனால் அது ஜெர்மன் உளவு நிறுவனம் என்று வலதுசாரி எழுத்தாளர் லெயோன் டோடே சில வருஷங்களாகவே தன் பத்திரிகையில் எழுதிவந்தார். போர் தொடங்கிய வாரத்தில் பாரிஸின் மேகி பால் கடைகளைக் கூட்டம் சூறையாடியது. ரயில் பாதையோரம் இருந்த ‘க்யூப்’ சூப்பு விளம்பரப் பலகைகளில் ஜெர்மன் படைக்கு வழிக்குறிப்பு ஒளிந்திருக்கிறது என்று கிளம்பிய வதந்தியை நம்பி, அவற்றைப் பிடுங்கிப்போட உள்துறை அமைச்சகமே உத்தரவு அனுப்பியது. சூப்பு விற்கிற தகரப் பலகை அது!

நிஜ ஒற்றர்களும் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. போர்க்காலத்தில் லண்டன் டவரில் 11 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். முதல் ஆள் கார்ல் லோடி, 1914 நவம்பர் 6. ரஷ்யப் படைகள் ஸ்காட்லாந்தில் இறங்கி ரயிலில் தெற்கே போகின்றன, பூட்ஸில் இன்னும் பனி ஒட்டியிருக்கிறது என்று அந்த வருஷக் கோடையில் பிரிட்டன் முழுக்க ஒரு புரளி. லோடி அந்தப் படைகளைப் பற்றி மெனக்கெட்டுக் கடிதம் எழுதினார். அவருடைய தபாலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், அந்தக் கடிதத்தை மட்டும் தடுக்காமல் போகவிட்டார்கள்.

பேக்கரிகளுக்கு வருகிறேன். 1915 மே 7 அன்று லூசிடேனியா பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். லிவர்பூலில் தொடங்கிய கலவரம் லண்டன் கிழக்குப் பகுதிக்கும் பரவியது. லிவர்பூலில் அடி வாங்கியவர்களில் பன்றி இறைச்சிக் கடைக்காரர்கள் பலர். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றுக் குடியிருந்தவர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் மகன் இருந்த வீடுகளும் தப்பவில்லை. ஒரு வாரத்துக்குள், போருக்குப் போகும் வயதுள்ள ஜெர்மானிய ஆண்களை முகாமில் அடைக்கப்போவதாகப் பிரதமர் ஆஸ்குவித் அறிவித்தார்.

உங்கள் சந்தேகத்தில் எனக்கு உடன்பாடான இடம் ஒன்று உண்டு. நகைச்சுவைப் பத்திரிகைகளில் இன்னொரு வகைச் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது: முறுக்கு மீசை, உடைந்த ஆங்கிலம், குனிந்து குனிந்து வணங்கும் ஜெர்மன் சர்வர். அங்கே சிரிப்பு, சந்தேகப்படுகிறவனை விட்டுவிட்டுச் சந்தேகத்துக்கு ஆளானவன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாரா வாரம் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தவருக்கு, தெருக்கோடி இறைச்சிக் கடையில் அதே முகத்தை அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தச் சித்திரக்காரர்களிடம்தான் உங்கள் கேள்வியைக் கேட்கவேண்டும்.

நம் பக்கமும் இந்தக் காற்று வீசியது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. ‘அவன் சரியான எம்டன்’ என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் அந்தப் பீதி ஒரு தனி மனிதர்மேல் விடிந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் கைதியாகக் கொண்டுவரப்பட்ட எங்கல்பிரெக்ட், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து அங்கேயே தங்கிவிட்டவர். யால சரணாலயத்தின் காவலராக இருந்தார். எம்டன் மாலுமிகளுக்கு இறைச்சி கொடுத்தார் என்று அவரைப் பிடித்துக் கண்டிச் சிறையில் போட்டார்கள். ஆதாரம் என்று எதுவும் இல்லை. பிரமாணம் எடுக்காதவர், காட்டோரக் கடற்கரையில் தனியாக இருந்தவர், அவ்வளவுதான்.