நடுவில் இருக்கும் வேகமானியை இடம் மாற்றலாமா?

தம்பி, இரண்டாம் தலைமுறை ரொயோட்டா விட்ஸ் கார் வாங்கியிருக்கிறீர்கள். வேகமானி டாஷ்போர்டின் நடுவில் இருப்பது கண்ணுக்கு ஒத்துவரவில்லை, கராஜ்காரர் ஸ்டியரிங்கிற்குப் பின்னால் மாற்றித் தருகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வயர்களை வெட்டி ஒட்டிய மீற்றர் ஒருநாள் உப்புவெளி உப்புக்காற்றில் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

நானும் அப்படியொரு வண்டியைத்தான் ஆறு வருடமாக ஓட்டுகிறேன். நடுவில் வைத்ததில் கம்பனிக்கு இலாபம் உண்டு: வலப்பக்க, இடப்பக்க ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே மீற்றர் போதும். நமக்கும் கொஞ்சம் உண்டு. மீற்றர் தள்ளி இருப்பதால், வீதியிலிருந்து பார்வையை எடுத்ததும் இலக்கம் சட்டென்று தெளிகிறது. வெள்ளெழுத்து வந்த என் அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இடப்பக்கம் இருக்கும் மனைவிக்கு மட்டும் முள் சற்றுக் கூட்டியே தெரியும். அந்தச் சண்டை தீராது.

ஆனால் மீற்றரைப் பார்க்கக் கண்ணைப் பக்கவாட்டில் திருப்புவது கெடுதல்தான். அறுபதில் போகும்போது ஒரு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். இரவில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை நிற்கும் வீதியில் அது சின்னத் தூரமில்லை. ரொயோட்டாவே மூன்றாம் தலைமுறை விட்ஸில் மீற்றரை ஸ்டியரிங்கிற்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

ஜிபிஎஸ்ஸில் இயங்கும் சிறிய வேகங்காட்டி ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்கிற்கு நேரே, கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டி வையுங்கள். வீதியை மறைக்கக்கூடாது. இரவில் வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.