தங்காமல் திரும்பும் பயணம்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறோம். என் மாமியார் லால்குடியில் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு விடியற்காலை 4 மணிக்குக் காரில் கிளம்பி, அவரைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடுகிறோம். என் கணவர் ஒருவரே ஓட்டுகிறார். திரும்பும்போது உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் அவருக்குக் கண் சொக்குகிறது. தங்கச் சொல்லி அத்தை இப்போது வற்புறுத்துவதில்லை. ஆனாலும் நாங்கள் போகும்போதெல்லாம் மெத்தைகள் மாடியில் வெயிலில் கிடக்கின்றன. அங்கே ஏ.சி. இல்லாததால் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். இந்த அலைச்சலைக் குறைக்க என்ன வழி?

பதில்: எங்கே நிறுத்தி டீ குடிப்பது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது என்றெல்லாம் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. போகிறபோக்கில் மெத்தைகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதிய பிறகு நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இலவம்பஞ்சு மெத்தை. யாரும் படுக்காமல் மடித்தே வைத்திருந்தால் பஞ்சு கட்டிதட்டி முடைநாற்றம் பிடித்துவிடும் என்பதால், அதைக் காலையில் மாடிக்கு ஏற்றி, உச்சிவெயிலில் ஒருமுறை புரட்டிப் போட்டு, தட்டி, வெயில் தாழ்வதற்குள் கீழே இறக்கியாக வேண்டும். தனியாக வாழும் ஒரு வயதான பெண்மணி, தங்கமாட்டார்கள் என்று தெரிந்தே, ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறார். வாய்விட்டுக் கேட்பதை மட்டும்தான் அவர் நிறுத்தியிருக்கிறார். நீங்களோ அதைப் பார்த்தபடியே படியிறங்கி, சாப்பிட்ட கை காய்வதற்குள் கார்ச்சாவியைத் தேடுகிறீர்கள்.

ஏ.சி. என்ற காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்த வீட்டின் மின்விசிறிக் காற்றில்தான் உங்கள் கணவர் படித்து ஆளானார். பாட்டி வீட்டில் ஓர் இரவு வியர்த்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அவ்வளவு கவலையாக இருந்தால் ஓர் அறைக்கு ஏ.சி. வாங்கிப் போடுங்கள். போக வர 600 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 40 லிட்டர் பெட்ரோல், அதற்குமேல் சுங்கக் கட்டணம் என்று ஆண்டுக்கு ஆறு முறை செலவழிப்பவர்கள் பணத்தைக் காரணம் காட்ட முடியாது.

கணவரின் தூக்கத்தை அலைச்சல் என்று எழுதுகிறீர்கள். நான் அதை ஆபத்து என்பேன். மூன்று மணிக்கு எழுந்த மனிதர் இரவு எட்டு மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் இருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் கவனத்தை ஒத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நம் சட்டம் அனுமதிப்பதோ 30 மில்லிகிராம்தான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் கார் 66 மீட்டர் தானாக ஓடியிருக்கும். அதற்குப் பிறகும் பரனூர் சுங்கச்சாவடியின் ஞாயிறு இரவு வரிசை மிச்சமிருக்கிறது. பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வதைக் கடமை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் ஓர் இரவாவது அந்த வீட்டில் படுத்து எழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் பரவாயில்லை. மூட்டு வலியும் மருந்துச்சீட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சில் வராது. இரவு விளக்கணைத்த பிறகுதான் வரும். ஆறு முறை போவதை நான்காகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு இரவு தங்குங்கள். ஓட்டுவதே சிரமம் என்றால், எழும்பூரில் இரவு மலைக்கோட்டை விரைவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் திருச்சியில் இறங்கிவிடலாம். அங்கிருந்து லால்குடி பக்கம்தான்.

இன்னொன்று. மகன் தங்காததற்கு மருமகள்தான் காரணம் என்று அந்தத் தெருவே இந்நேரம் முடிவு செய்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அது முழுப் பொய்யாகவும் தெரியவில்லை. ஆகவே அடுத்த முறை தகவல் சொல்வதைக் கணவரிடம் விடாமல், நீங்களே அத்தையைக் கூப்பிட்டு, வெள்ளி இரவு வருகிறோம், ஞாயிறு காலைப் பலகாரம் உங்கள் வீட்டில்தான் என்று சொல்லுங்கள்.