எங்க ட்ரஸ்ட் சைட்ல டொனேஷன் கேக்குற வாசகத்த பப்ளிக்கையே எழுதச் சொன்னா வொர்க் ஆகுமா?

தாராளமா எழுதச் சொல்லுங்க. ஆனா எது நல்லாருக்குன்னு ஓட்டு மட்டும் போடச் சொல்லாதீங்க, அத சைட்ல போட்டு டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும். நான் தமிழ் விக்கிப்பீடியாவுல அப்பப்ப எழுதுறவன், அங்க இது வருஷக்கணக்கா நடக்குற விஷயம், அதனால அத வச்சே சொல்றேன்.

விக்கிப்பீடியாவுல விளம்பரம் கெடையாது, அத நடத்துற விக்கிமீடியா ஃபவுண்டேஷனுக்கு பெரும்பாலும் படிக்கிறவங்க குடுக்குற சின்னச் சின்ன தொகைதான் வருமானம். 2009ல டொனேஷன் கேட்டு கட்டுரைக்கு மேல 'விக்கிப்பீடியா ஃபாரெவர்'னு ஒரு பேனர் போட்டாங்க, எழுதுறவங்களுக்கே அது பிடிக்கல, செம எதிர்ப்பு. அடுத்த வருஷம் யார் வேணா பேனர் வாசகம் எழுதித் தரலாம்னு தொறந்து விட்டாங்க. ஐடியா குவிஞ்சது, அதுல பலதையும் நிஜ வாசகர்கள் முன்னாடியே போட்டுப் பாத்தாங்க. கடைசில ஜெயிச்சது ஜிம்மி வேல்ஸ் போட்டோவும், 'தயவுசெஞ்சு படிங்க, நிறுவனரோட தனிப்பட்ட வேண்டுகோள்'ங்கிற மாதிரி ஒரு சாதா வரியும்தான். அழகழகா எழுதினது எதுவும் கிட்டக்கூட வரல. அந்த மூஞ்சிய பாத்துப் பாத்து நிறைய பேர் கடுப்பானாங்க, ஆனாலும் அந்த கேம்பைன்ல 50 நாள்ல 1.6 கோடி டாலர், குடுத்தவங்க 5 லட்சத்துக்கும் மேல. 2011ல ப்ரோகிராமர், கட்டுரை எழுதுறவங்கன்னு வேற முகங்களும் பேனர்ல வந்துச்சு, நம்ம தமிழ் விக்கில சங்க இலக்கியம் பத்தி எழுதிக் குவிச்ச செங்கைப் பொதுவன் ஐயாவும் அதுல ஒருத்தர், எனக்கு அது இன்னிக்கும் பெரிய சந்தோஷம்.

ஆனா டெஸ்ட்ல ஜெயிக்கிறதையே பிடிச்சுட்டுப் போனா இன்னொரு எடத்துல மாட்டுவீங்க. பயமுறுத்துற வாசகத்துக்கு பல நேரம் காசு கூட வரலாம். 2022ல இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல எழுதுற வாலண்டியர்ஸ் இதுக்குத்தான் கொதிச்சாங்க, ஃபவுண்டேஷன் கிட்ட கையிருப்பு நல்லா இருக்கும்போது என்னவோ சைட்டே ஆபத்துல இருக்குற மாதிரி கேக்குறது நேர்மையில்ல, இந்த பேனர் எங்க கட்டுரை மேல வரக்கூடாதுன்னு விவாதிச்சு முடிவே எடுத்துட்டாங்க. அப்புறம் ஃபவுண்டேஷன் அவங்களோட சேர்ந்து வாசகத்த மாத்தி எழுதுச்சு, வசூல் முன்ன மாதிரி வரல, ஆனா அதுக்கப்புறம் கேம்பைனுக்கு முன்னாடியே வாலண்டியர்ஸ் கிட்ட காட்டிக் கேக்குற பழக்கம் வந்துச்சு. என்னைக் கேட்டா கூட்டத்தோட உண்மையான பலம் இங்கதான். நல்ல வரி எழுதிக் குடுக்குறதவிட, பொய்யான வரிய 'இது வேணாம்'னு அடிச்சு நிறுத்துறது அவங்களால மட்டும்தான் முடியும், ஏன்னா உள்ள வேல செய்றது அவங்க.

உங்க ட்ரஸ்ட் சைட் சின்னதா இருந்தா ஒரு விஷயம் கவனிங்க. மாசத்துக்கு சில நூறு பேர்தான் வர்றாங்கன்னா ஏ/பி டெஸ்ட், அதாவது ரெண்டு வாசகத்த காட்டி எதுக்கு காசு கூட வருதுன்னு பாக்குறது, அதோட ரிசல்ட்ட நம்பவே முடியாது, நாலு பேர் கூடக் குடுத்தா இது பெஸ்டுன்னு தோணிடும். அதுக்கு பதிலா ஏற்கனவே காசு குடுத்தவங்களுக்கு போன் போட்டு எதுக்காக குடுத்தீங்கன்னு கேளுங்க, அவங்க வாயில வர்ற வார்த்தைய அப்படியே எழுதுங்க, பப்ளிக் கிட்டருந்து வாசகம் வாங்குற க்ரவுட்சோர்ஸிங்னா அதுவே பெருசு. ட்ராஃபிக் நல்லா இருந்தா ரெண்டு வாசகத்தையும் ஒரே நேரத்துல ஆளுக்கு ஒண்ணா மாத்தி மாத்திக் காட்டுங்க, இந்த வாரம் ஒண்ணு அடுத்த வாரம் ஒண்ணுன்னு போட்டா சம்பளம் வந்த வாரம்தான் ஜெயிக்கும். அப்புறம் க்ளிக்க எண்ணாதீங்க, பணம் கட்டி முடிச்சவங்கள எண்ணுங்க, நிறைய பேர் பேமென்ட் பக்கம் வரைக்கும் வந்துட்டு ஃபார்ம் நீளமா இருக்குன்னே திரும்பிப் போயிடுறாங்க. வந்த வாசகங்கள்ல எத டெஸ்ட்டுக்கு விடலாம்னு முதல்லயே ஃபீல்டுல வேல செய்றவங்க கிட்ட காட்டிடுங்க, அவங்க இது உண்மையில்லன்னு சொல்ற வரிய எவ்ளோ காசு வரும்னாலும் எடுத்துடுங்க.