எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?

பத்து வருடங்களில் ஆறு நாவல்களை நானே வெளியிட்டிருக்கிறேன். முதல் இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போயின. இப்போது எடுத்துப் பார்த்தால், போனது நியாயம்தான் என்று தோன்றுகிறது. நாவலைத் தாங்களே வெளியிடும் புதியவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நாவல் வந்து நான்கு மாதமாகிறது. இருபத்துமூன்று பிரதிதான் போயிருக்கிறது, அதிலும் பாதி சொந்தக்காரர்கள். எங்கே விளம்பரம் கொடுக்கலாம்?

விளம்பரத்தை இப்போதைக்கு விடுங்கள். சொந்தக்காரர் அல்லாத அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் கடைசிப் பக்கம்வரை போனார்களா? அது தெரியாமல் இன்னும் நூறு பேரைக் கூட்டி வந்து பயனில்லை.

உங்களை அதிகம் தெரியாத ஐந்து பேரிடம் நாவலைக் கொடுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அதைச் சொல்வதில் யாருக்கும் சங்கடமில்லை. “அன்றைக்குத் தூக்கம் வந்துவிட்டது” என்று ஒரு சாக்கோடு சொல்லிவிடுவார்கள். மூன்று பேருக்கு ஒரே அத்தியாயத்தில் தூக்கம் வந்தால் அது தூக்கமில்லை.

என் மூன்றாவது நாவலில் ஐந்தில் நான்கு பேர் ஏழாம் அத்தியாயத்தில் நின்றார்கள். நாயகியின் தாத்தா கதை, பதினான்கு பக்கம். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியது. நாவலிலேயே அதுதான் உச்சம் என்று வேறு நினைத்திருந்தேன். வெட்டி ஒன்றரைப் பக்கமாக்கினேன். (வெட்டியதை இன்னும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.) முகம் தெரியாத ஒருவர் “அடுத்தது எப்போது?” என்று முதன்முதலில் எழுதிக் கேட்டது அந்த நாவலுக்குத்தான்.

இன்னொன்று. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வாங்கும் முன் தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரை, என்னுரை என்று நாம் முன்னால் அடுக்கினால் கதை தொடங்குவதற்குள் அந்தப் பங்கில் பாதி தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் பின்னால் தள்ளுங்கள்.

எடிட்டர் அவசியமா? மெய்ப்பு நானே பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டும் வேறு வேலை. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பார்ப்பது மெய்ப்பு. “இந்தப் பாத்திரம் எதற்கு?” என்று கேட்பவர் எடிட்டர். ஒன்றுக்குத்தான் கையில் பணம் என்றால் நான் எடிட்டருக்குக் கொடுப்பேன். மெய்ப்பை, பிழை கண்டால் சும்மா இருக்க முடியாத நண்பர் யாரிடமாவது தள்ளிவிடலாம். நீங்களே மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் விட்டுப்போன எழுத்தை உங்கள் மனமே நிரப்பிப் படித்துவிடும்.

யாரிடமும் கொடுக்கும் முன், எழுதி முடித்ததை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். அப்புறம் வேறு எழுத்துருவில் அச்சிட்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் தானே தெரியும். உரையாடலில் “என்றான்”, “என்றாள்” எல்லாவற்றையும் மறைத்துப் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையென்றால் எல்லாரும் உங்கள் குரலில்தான் பேசுகிறார்கள்.

நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் போடச் சொல்லலாமா?

வேண்டாம். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் போடுவதை அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். ஆசை மட்டும் பழையதுதான். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் தன் கவிதைத் தொகுப்பைத் தானே வெளியிட்டு, பெயர் போடாமல் தானே புகழ்ந்து மதிப்புரையும் எழுதினார். அவர் விட்மன், தப்பித்தார்.

கேடிபி செலக்டில் சேரலாமா?

கேடிபி என்பது நாமே நூல் வெளியிட அமேசான் தரும் சேவை, செலக்ட் அதில் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் திட்டம். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறு எந்த மின்னூல் கடையிலும் தளத்திலும் இருக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. தொடர்கதையாக ஏதாவது செயலியில் போட்டிருந்தால் முதலில் அங்கே எடுத்துவிடுங்கள். பலர் மாட்டுவது இங்கேதான். 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அதற்கு முன்பே அணைத்துவைக்க வேண்டும்.

செலக்டில் சேர்ந்த நூல், வாசகர்கள் மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டிலும் வரும். அங்கே 2015 முதல் படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டுத்தான் பணம். பத்தாம் பக்கத்தில் மூடிவிட்டால் பத்துப் பக்கக் காசு. பழைய கேள்விக்கே வந்துவிட்டோம், பாருங்கள். புதியவர்கள் முதல் நூலுக்கு செலக்டில் ஒரு 90 நாள் சுற்று முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முகநூலில் நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். புத்தகம் என்றதும் ஒருவரையும் காணோம்.

அவர்கள் உங்கள் பதிவுகளின் வாசகர்கள். பதிவு இலவசம், இரண்டு நிமிடம். நாவல் ஐந்து மணி நேரம் கேட்கிறது. உங்கள் நாவலை முடித்தவரைத்தான் அடுத்த நாவலுக்கு நம்பலாம். அதனால் கதை முடிந்த அடுத்த பக்கத்திலேயே, “அடுத்த நூல் வந்ததும் தெரிவிக்கிறேன், மின்னஞ்சல் முகவரி தாருங்கள்” என்று இரண்டு வரி போடுங்கள். அதே கதை உலகில் ஒரு சிறுகதையை இலவசமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. எனக்கு முதல் வருடத்தில் நாற்பது முகவரிதான் சேர்ந்தது. அடுத்த நூலை முதல் வாரத்தில் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அந்த நாற்பதில்தான் இருந்தார்கள்.

தினமும் இரண்டாயிரம் சொல் எழுதியே ஆக வேண்டுமா?

இல்லை. நான் முந்நூறு எழுதுகிறேன்.

ஒரு நட்சத்திரம் கொடுத்தவருக்குப் பதில் எழுதலாமா?

எழுதாதீர்கள். எழுதிப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் நாவலில் இப்போது ஏகப்பட்ட குறை தெரிகிறது. திருத்தி மறுபடி போடலாமா?

எழுத்துப்பிழை என்றால் தாராளமாக. மின்னூல் கோப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அச்சிலும் அதே ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) போதும். அத்தியாயங்களையே மாற்றினால் அது புதுப் பதிப்பு, புது ஐஎஸ்பிஎன் வாங்க வேண்டும். ஆனால் அப்படித் திருத்த ஆகும் ஆறு மாதத்தில் அடுத்த நாவலின் பாதியை எழுதிவிடலாம். என் முதல் இரண்டையும் நான் தொடவே இல்லை. மூன்றாவதைப் படித்துவிட்டுத் தேடி வருபவர்களிடம் மட்டும், “பொறுமை இருந்தால் படியுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறேன்.