சம்பூர் சூரிய மின்சாரம்: மூன்று துறை மாணவர்கள் ஓர் ஆய்வை எப்படிச் செய்வது?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம், முகாமைத்துவம், தொடர்பாடல் ஆகிய துறைகளில் இறுதியாண்டில் படிக்கும் மூன்று பேர் நாங்கள். சம்பூர் சூரிய மின் திட்டம் சுற்றுவட்டார மக்களுக்கு நியாயமானதாக அமையுமா என்று சேர்ந்து ஆராய விரும்புகிறோம். ஒவ்வொரு மேற்பார்வையாளரும் வெவ்வேறு கேள்வியை எழுதித் தரச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகி, நிலாவெளி.

பதில்: உங்கள் மேற்பார்வையாளர்கள் மூவரும் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். மூன்று கேள்விகளையும் ஓர் அறிக்கைக்குள் அடுக்கிவிட்டால் அது பல்துறை ஆய்வாகிவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. முன்பு நானும் அப்படியொரு குழுவில் இருந்தேன். பொறியியலாளர்கள் எழுதிய முதல் மூன்று அத்தியாயங்களைச் சமூகவியலாளர்கள் படிக்கவில்லை. அவர்கள் எழுதிய நான்காவதைப் பொறியியலாளர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அச்சான பிறகுதான், மின்னிணைப்புப் பெற்ற வீடுகளின் எண்ணிக்கை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருப்பது தெரிந்தது. ஆகவே முறையியலைத் தேர்வதற்கு முன், மூவரும் சேர்ந்து அளக்கப்போகும் பொருள் எது என்பதை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு அது வீடாக இருக்கட்டும் என்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ‘நியாயமான நிலைமாற்றம்’ என்ற கருத்து அமெரிக்கத் தொழிற்சங்கங்களிலிருந்து வந்தது. பழைய தொழிற்சாலை மூடப்படும்போது அங்கு வேலை செய்தவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதே அதன் முதற்பொருள். 2015 ஆம் ஆண்டின் பரிஸ் உடன்படிக்கையின் முன்னுரையிலும் அது தொழிலாளரைச் சுட்டியே இடம்பெறுகிறது. சம்பூருக்கு இந்த வரையறை அப்படியே பொருந்தாது. அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டு, அதைக் கட்டப்போவதில்லை என்று 2016 இல் அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. எழும்பாத நிலையத்தில் வேலை இழந்தவர் எவரும் இல்லை. ஆனால் 2006 இல் போரால் ஊரை விட்டு ஓடி, கட்டைபறிச்சான், கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து, 2015 இலிருந்தே தம் காணிகளில் ஒரு பகுதிக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அதாவது, அங்கே செலவு முதலில் வந்துவிட்டது. மின்சாரம் பிறகு வருகிறது. இந்தத் தலைகீழ் வரிசையை உங்கள் ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சட்டகம் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினால், கேட்க வேண்டிய ஆட்களையே தவறவிடுவீர்கள்.

அந்த இடத்தில் இப்போது 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது; இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, கொழும்புக்கு வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இணையவழியில் பணிகளைத் தொடக்கி வைத்தார்கள். 500 ஐயும் 120 ஐயும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட வேண்டாம். நிலக்கரி நிலையம் இரவும் பகலும் ஓடக்கூடியது; சூரியத் தகடுகளோ ஆண்டுச் சராசரியில் தம் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே தரும். மறுபுறம், நிலத்தில் அமைக்கும் சூரிய நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் வரை தேவைப்படுவது வழமை. ஆகவே புகை இல்லையென்றாலும் காணிக் கேள்வி அப்படியே இருக்கிறது. மாடு மேய்த்த தரை யாருடையது, விறகு எடுத்த பாதை இனித் திறந்திருக்குமா என்பன வீடு வீடாகக் கேட்கவேண்டியவை.

கணினி விஞ்ஞான மாணவருக்கு இங்கே சிறப்பான வேலை உண்டு. நம் நாட்டில் மின்தேவை உச்சமடைவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, சூரியன் கொடுப்பதோ நண்பகலில். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியதற்கு, அந்நேரத்தில் தேவை குறைவாகவும் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாகவும் இருந்ததும் ஒரு காரணம். சூரியத் தகடுகளில் சுழலும் இயந்திரம் இல்லை; அனல், நீர் மின்நிலையங்களில் உள்ளவை போன்ற சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாக ஓடும் மின்வலையமைப்பில், அதிர்ச்சியைத் தாங்கும் வலுவும் குறைந்தே இருக்கும். (குரங்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.) அந்த ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், இதே அச்சத்தால், பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கடன் வாங்கித் தகடு போட்டவருக்கு அது வருமான இழப்பு. பொறியியல் கேள்வி நீதிக் கேள்வியாக மாறும் இடம் இதுதான். உங்கள் மூவருக்கும் இங்கே பேச ஒன்று இருக்கிறது.

முகாமைத்துவ மாணவர் கட்டணத்தைப் பார்க்கட்டும். கூரைச் சூரிய மின்சாரத்துக்காக 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தில், வலையமைப்புக்குக் கொடுக்கும் மிகை அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும் அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் என்று விலை வகுக்கப்பட்டது. புதிய இணைப்புகளுக்கான விலைகள் பின்னர் பலமுறை மாறின. எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளாமல் சராசரி போடக் கூடாது. திருகோணமலை நகரின் உவர்மலையில் கொங்கிறீற் கூரையும் காணி உறுதியும் உள்ள வீடும், சம்பூருக்கு அருகே கூனித்தீவில் தகரக் கூரையும் அரச காணி அனுமதிப்பத்திரமும் உள்ள வீடும் ஒரே கட்டண அட்டவணையின் கீழ்தான் வருகின்றன. ஆனால் வங்கிக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே வரவேற்பா என்று கேட்டுப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். அத்தகைய அனுமதிப்பத்திரங்களுக்கு அடிப்படையான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு ஒழுங்கில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்திருந்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது.

தொடர்பாடல் மாணவர், திட்டம் பற்றிய அறிவித்தல் எந்த மொழியில், எந்த வழியாக, எப்போது அந்த வீட்டை வந்தடைந்தது என்பதைப் பதிவு செய்யட்டும். சம்பூரையும் மூதூரையும் சேருவிலவையும் சேர்த்து எடுத்தால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று தரப்பினரும் அடங்குவார்கள். யார் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார், யார் பின்னர் பத்திரிகையில் படித்தார் என்ற வேறுபாடு தெரியவரும்.

நடைமுறைக்கு வருவோம். 40 வீடுகள் போதும். மூவரும் ஒன்றாகவே போங்கள். ஒரே வினாக்கொத்து, ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. பன்னிரண்டு மாத மின்பட்டியல்கள், எந்த மணிக்கு எது ஓடுகிறது என்ற ஒரு வார நாட்குறிப்பு, காணி ஆவணத்தின் வகை, அறிவித்தல் வந்த வழி ஆகிய நான்கும் அந்த வரிசையில் இருக்கவேண்டும். வளாக விதிகள் தனித்தனி ஆய்வேடு கேட்டால், இந்த ஒரே தரவிலிருந்து மூன்று ஆய்வேடுகளை எழுதலாம், எண்கள் முரண்படாது.

ஒரு விடயத்தில் நான் கண்டிப்பானவன். சம்பூர் மக்கள் இருபது ஆண்டுகளாகப் படிவங்களை நிரப்பி அலுத்துப்போனவர்கள். உங்கள் ஆய்வால் காணி கிடைக்கும், கட்டணம் குறையும் என்ற எண்ணத்தை வாய் தவறியும் ஏற்படுத்திவிடாதீர்கள். மறுப்பவரின் வீட்டுக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் அச்சிட்டு, பதில் சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

காணி எல்லை, சுற்றாடல் அறிக்கை போன்ற ஆவணங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்றாலும் நீடிப்புக்கும் மேன்முறையீட்டுக்கும் இடமுண்டு என்பதால், வினாக்கொத்தை எழுதத் தொடங்கும் அதே வாரத்தில் விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள்.