உலாவிக்கு உலாவி மாறும் விடை

கேள்வி: எங்கள் விடுதியின் முன்பதிவுப் படிவத்தில் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பை ஒப்பிடும் வாய்பாடு) எந்த வகை என்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் டைப்ஆஃப் மூலம் கேட்டால், ஒரு பழைய சஃபாரி உலாவி ‘ஃபங்ஷன்’ (செயற்கூறு) என்கிறது, புதிய உலாவிகள் ‘ஆப்ஜெக்ட்’ (பொருள்) என்கின்றன. எது சரி?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: ‘ஆப்ஜெக்ட்’ என்பதே சரி. குரோம் 12 வரையிலும் பழைய சஃபாரியிலும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஒரு ஃபங்ஷனைப் போல, பெயருக்குப் பின் அடைப்புக்குறியிட்டே அழைக்க முடிந்தது. அழைக்கக்கூடிய எதையும் டைப்ஆஃப் ‘ஃபங்ஷன்’ என்றே சொல்லும் என்பதால்தான் உங்களுக்கு அந்த விடை வந்தது. ஆகவே டைப்ஆஃபை விட்டுவிட்டு, ‘ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப்.டுஸ்ட்ரிங்.கால்’ என்பதற்குள் அந்த மதிப்பைக் கொடுங்கள். விடையாக வரும் எழுத்துச் சரத்தில் ‘ரெக்எக்ஸ்பி’ (RegExp) என்ற சொல் பழைய உலாவியிலும் தவறாமல் இருக்கும். அரேக்களையும் (மதிப்புகளின் வரிசைப் பட்டியல்கள்) டைப்ஆஃப் ‘ஆப்ஜெக்ட்’ என்றே சொல்லும்; அவற்றுக்கு, 2009இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 5 (ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை) தந்த ‘அரே.இஸ்அரே’ போதும். நல் (null) எனும் வெறுமை மதிப்பையும் டைப்ஆஃப் ‘ஆப்ஜெக்ட்’ என்றே காட்டும். அது எல்லா உலாவிகளுக்கும் பொதுவான பழைய பிழை என்பதால், ஒரு மதிப்பு null தானா என்பதை நேரடியாக மூன்று சமக்குறியிட்டு (===) ஒப்பிடுங்கள்.